பேரெழுத்தும் தெய்வமும்: ஆங்கில எழுத்து மரபிற் சமயச் சொற்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

அதென்ஸ் நகரிலே தூய பவுல் ஆற்றிய உரை, விவிலியத்தின் அப்போஸ்தலர் நடபடிகள் 17ஆம் அதிகாரத்திலே இடம்பெறுகின்றது. நகரைச் சுற்றிப் பார்த்த பவுல், அங்கிருந்த பீடமொன்றிலே அறியப்படாத தெய்வத்துக்கு அது உரியதெனப் பொறிக்கப்பட்டிருந்ததைக் குறிப்பிட்டு, அந்நகரத்தார் அறியாது வழிபடும் அத்தெய்வத்தையே தாம் அறிவிப்பதாகக் கூறுகின்றார். 1611ஆம் ஆண்டு ஜேம்ஸ் மன்னரின் ஆணைப்படி வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பு, இப்பொறிப்பு ஒரு கல்லெழுத்து என்பதனாற் போலும், அதனை முற்றாகப் பேரெழுத்திலே அச்சிட்டது. 1946ஆம் ஆண்டில் வெளிவந்த திருத்திய நியம மொழிபெயர்ப்போ அதனைச் சாதாரண வாக்கியம் போல அச்சிட்டு, 'கோட்' என்னும் சொல்லின் முதலெழுத்தைச் சிற்றெழுத்தாக்கியது. ஓர் எழுத்தின் வடிவம் மாறியதும் அத்தெய்வம் பல தெய்வங்களுள் ஒன்றாகிவிட்டது. பவுலின் வாதமோ அத்தெய்வம் பலவற்றுள் ஒன்றன்று என்பதாகும். பீடத்தைக் கட்டியவர்களின் கருத்தை எழுதுவதா, அதற்குப் பவுல் கொடுத்த விளக்கத்தை எழுதுவதா என்பதை ஆங்கிலத்தில் எழுதுபவன் முடிவுசெய்தேயாக வேண்டும். கிரேக்க மூலத்தை எழுதியவனுக்கு இந்த இடர்ப்பாடு இருக்கவில்லை.

ஆங்கில நெடுங்கணக்கில் ஒவ்வோர் எழுத்துக்கும் இரண்டு வடிவங்கள் உள்ளன. பள்ளிக்கூடங்களிலே 'கப்பிட்டல்' எழுத்தென்றும் 'சிம்பிள்' எழுத்தென்றும் கற்பிக்கப்படும் இவை இக்கட்டுரையிலே பேரெழுத்து, சிற்றெழுத்து எனப்படுகின்றன. இவ்விரண்டனுள் எதனைச் சமயச் சொற்களுக்கு வழங்குவது என்பது இலக்கண நூலோர் தீர்த்துவைக்கும் சிறு விடயமெனவே பொதுவாகக் கருதப்படுகின்றது. ஆனால், எமது நாட்டுச் சமய வரலாற்றுக்குச் சான்றாகக் கொள்ளப்படும் ஆவணங்களுள் கணிசமானவை ஆங்கிலத்திலே எழுதப்பட்டவை. அவற்றைப் படிக்கும் மாணவன், ஒரு சொல்லின் தலைப்பிலே பேரெழுத்து நிற்பதையோ நில்லாதிருப்பதையோ எழுதியவனின் மனப்பாங்குக்குச் சான்றாக எடுத்துக்கொள்கின்றான். அவ்வாறு எடுத்துக்கொள்ளத்தக்க காலம் எது, எடுத்துக்கொள்ளத் தகாத காலம் எது என்பது வரலாற்றுக் கேள்வியேயன்றி இலக்கணக் கேள்வியன்று.

சமய நூல்கள் முதலில் எழுதப்பட்ட மொழிகளிற் பேரெழுத்துச் சிற்றெழுத்து வேறுபாடு இருக்கவில்லை என்பது முதற்கண் மனங்கொள்ளத்தக்கது. எபிரேய எழுத்துக்கு இன்றும் ஒரு வடிவமே உண்டு. கி.பி. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய்ச் சுவடி போன்ற தொன்மையான கிரேக்க விவிலியப் பிரதிகள் முற்றாக ஒரே வகை எழுத்தில், சொற்களுக்கிடையே இடைவெளியுமின்றி எழுதப்பட்டவை. எனினும், புனிதச் சொல்லை ஏனைய சொற்களினின்றும் பிரித்துக் காட்டவேண்டுமென்னும் உணர்வு அப்பொழுதே இருந்தது. கிரேக்கச் சுவடி எழுதியோர் கடவுள், ஆண்டவர், இயேசு, கிறிஸ்து ஆகிய சொற்களை இரண்டு மூன்று எழுத்துக்களாகச் சுருக்கி, மேலே கோடொன்றை இட்டனர். 1947ஆம் ஆண்டு முதலாகச் சாக்கடற் கரையிலே கண்டெடுக்கப்பட்ட எபிரேயச் சுருள்களுட் சிலவற்றிலே, ஏனைய சொற்களெல்லாம் வழக்கிலிருந்த எழுத்தில் அமைய, இறைவனின் நான்கெழுத்துத் திருநாமம் மாத்திரம் வழக்கொழிந்துபோன பழைய எபிரேய வரிவடிவத்திலே எழுதப்பட்டுள்ளது. ஆகவே, எழுத்தின் தோற்றத்தால் வணக்கம் செலுத்தும் வழக்கம் ஆங்கிலத்தைக் காட்டிலும் மிகப் பழையது. அவ்வழக்கத்தைப் பேரெழுத்தின் தலையிலே சுமத்தியதே ஐரோப்பிய மொழிகள் பிற்காலத்திற் செய்த வேலை.

சார்ள்மேன் பேரரசனின் காலத்திலே, கி.பி. 800ஆம் ஆண்டளவில், மேற்கு ஐரோப்பாவிற் சீரமைக்கப்பட்ட சிற்றெழுத்து வடிவம் நூலெழுதும் எழுத்தாகப் பரவிற்று. பழைய உரோமப் பேரெழுத்துக்கள் தலைப்புகளுக்கும் வாக்கியத் தொடக்கங்களுக்கும் ஒதுக்கப்பட்டன. வில்லியம் கக்ஸ்டன் 1476ஆம் ஆண்டில் வெஸ்ற்மினிஸ்ரரிலே அச்சுக்கூடம் அமைத்தபொழுது இவ்விரு வகை எழுத்துக்களும் ஆங்கில அச்சுக்கும் உரியனவாயின. அச்சுக்கோப்போர் மேற்றட்டிலே ஒன்றையும் கீழ்த்தட்டிலே மற்றொன்றையும் வைத்திருந்தமையால் இன்றும் ஆங்கிலத்தில் இவை மேற்றட்டெழுத்து, கீழ்த்தட்டெழுத்து என்னும் பொருள்படும் பெயர்களால் வழங்குகின்றன.

சமயத் தேவை கருதிப் பேரெழுத்தைத் திட்டமிட்டுப் பயன்படுத்தியமை விவிலிய மொழிபெயர்ப்பிலேயே தெளிவாகக் காணப்படுகின்றது. எபிரேய மூலத்தில் இறைவனுடைய திருநாமத்தை யூதர் வாயாற் சொல்வதில்லை. அவ்விடத்தே 'ஆண்டவர்' எனப் பொருள்படும் வேறொரு சொல்லை வாசிப்பர். இதனாற் பெயர்ச் சொல்லும் பொதுச் சொல்லும் மொழிபெயர்ப்பிலே ஒரே சொல்லாய்விடுகின்றன. மாட்டின் லூதர் 1523ஆம் ஆண்டில் வெளிவந்த பழைய ஏற்பாட்டுப் பகுதியின் முன்னுரையிலே, திருநாமம் வருமிடத்து 'ஹெர்' என்னும் ஜேர்மன் சொல்லை முற்றாகப் பேரெழுத்தில் அச்சிட்டிருப்பதாக விளக்கினார். ஆங்கிலத்தில் வில்லியம் டின்டேல் 1530ஆம் ஆண்டிலே தமது மொழிபெயர்ப்புக்கு இணைத்த சொல் விளக்கத்தில், 'லோர்ட்' என்பது பெரிய எழுத்துக்களில் வருமிடமெல்லாம் எபிரேயத்திலே திருநாமம் உள்ளதெனக் கூறி, அச்சுப் பிழை நேர்ந்த இடங்களைத் தவிர என்று ஓர் எச்சரிக்கையையும் சேர்த்துக்கொண்டார். அச்சகத்தாரை நம்பிச் சமயக் கோட்பாட்டை ஒப்படைக்கும் மொழிபெயர்ப்பாளனின் அச்சம் இவ்வெச்சரிக்கையிலே தெரிகின்றது. 1611ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பும் இம்முறையையே பின்பற்றியது. 110ஆம் சங்கீதத்தின் முதல் வசனத்திலே 'லோர்ட்' என்னும் சொல் இரு முறை வருகின்றது. முதலாவது முற்றும் பேரெழுத்து; இரண்டாவதில் முதலெழுத்து மாத்திரம் பேரெழுத்து. முன்னையவர் பேசுபவர், பின்னையவர் பேசப்படுபவர். கண்ணாற் படிப்பவனுக்கு இவ்வேறுபாடு விளங்கும். கோயிலிலே வாசிக்கக் கேட்பவனுக்கு விளங்க வழியில்லை.

82ஆம் சங்கீதத்தின் முதல் வசனம் இதனினும் நுட்பமானது. அங்கே 'எலோகிம்' என்னும் ஒரே எபிரேயச் சொல் இரு முறை வருகின்றது. 1611ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு மரபு முதலாவதை இறைவன் எனக் கொண்டு பேரெழுத்தும், இரண்டாவதைத் தேவர்கள் எனக் கொண்டு பன்மை விகுதியும் சிற்றெழுத்தும் வழங்கிற்று. மூலத்தில் ஒன்றாக நின்ற சொல் மொழிபெயர்ப்பிலே அரசனும் அவையுமாகப் பிரிந்துவிடுகின்றது. காற்று, மூச்சு, ஆவி என்னும் மூன்று பொருளும் உடைய 'றூவா' என்னும் எபிரேயச் சொல்லை 'ஸ்பிரிட்' என மொழிபெயர்த்தபொழுதும் இதே நிலைமை தோன்றியது. முதலெழுத்து பேரெழுத்தானால் அது திரித்துவத்தின் மூன்றாம் ஆள். சிற்றெழுத்தானால் வெறும் உயிர்ப்பு. இச்சொல்லைப் பொறுத்தவரை ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் அச்சகங்கள் வெளியிட்ட ஜேம்ஸ் மன்னர் விவிலியப் பதிப்புக்கள் சிற்சில இடங்களில் இன்றும் தம்முள் மாறுபடுகின்றன.

இங்கே பரவலான தவறான எண்ணமொன்றைச் சுட்டுதல் வேண்டும். இறைவனைக் குறிக்கும் 'அவர்', 'உம்' போன்ற பிரதிப்பெயர்களுக்கும் பேரெழுத்து இடுதலே பழைய பக்தி மரபென்றும், சிற்றெழுத்து நவீன நாத்திகத்தின் விளைவென்றும் சிலர் கருதுவர். 1611ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பில் இப்பிரதிப்பெயர்கள் சிற்றெழுத்திலேயே உள்ளன. பிரதிப்பெயருக்குப் பேரெழுத்து இடும் வழக்கம் பிற்காலத்ததாகும். 19ஆம் நூற்றாண்டின் பக்தி நூல்களிலே அது பெருவழக்காயிற்று. 1971இல் முழுமையாக வெளிவந்த புதிய அமெரிக்க நியம மொழிபெயர்ப்பும், 1982இன் புதிய ஜேம்ஸ் மன்னர் மொழிபெயர்ப்பும் இவ்வழக்கத்தை விவிலியத்துக்குள்ளேயே கொண்டுவந்தன. இதனால் விளைந்த முரணொன்று சுவையானது. யோவான் நற்செய்தி 8ஆம் அதிகாரத்தில் இயேசுவின் எதிரிகள் அவரைச் சமாரியனென்றும் பேய் பிடித்தவனென்றும் ஏசுகின்றனர். மேற்படி பதிப்புக்களில் அவ்வசையின் நடுவே வரும் 'நீ' என்னும் சொல்லும் வணக்கத்துக்குரிய பேரெழுத்துடன் நிற்கின்றது. ஏசுபவனின் வாயிலே அச்சகம் பக்தியைத் திணித்துவிட்டது.

17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியும் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியுமே வரலாற்று மாணவன் மிகவும் விழிப்பாக இருக்கவேண்டிய காலப்பகுதியாகும். அக்காலத்தில் ஆங்கில அச்சகங்கள் பெயர்ச்சொற்களிற் பெரும்பாலானவற்றுக்குப் பேரெழுத்து இட்டன. வீடு, மரம், யானை, அரசன், தெய்வம், பேய் எல்லாம் ஒரே வரிசையிலே தலைநிமிர்ந்து நின்றன. கண்டி இராச்சியத்திலே பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சிறைப்பட்டிருந்த ரொபேட் நொக்ஸ் 1681ஆம் ஆண்டில் இலண்டனில் வெளியிட்ட இலங்கை பற்றிய நூல் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். சிங்கள மக்களின் தெய்வங்களைக் குறிக்க நொக்ஸ் எழுதிய சொல் பேரெழுத்துடனேயே அச்சாகியுள்ளது. அதனைக் கண்டு அவர் எமது நாட்டுத் தெய்வங்களை மதித்தார் எனக் கூறப் புகுவோர் அடுத்த சொல்லையும் பார்த்தல் வேண்டும். பேய்களுக்கும் அதே மரியாதை கிடைத்துள்ளது. நொக்ஸ் உறுதியான கிறிஸ்தவர். சிறையிருந்த காலத்திலே தமக்குக் கிடைத்த ஆங்கில விவிலியமொன்றைப் பெரும் பேறாகப் போற்றியவர். அவருடைய நூலிலுள்ள பேரெழுத்து அவரது உள்ளத்தைப் பற்றி எதனையும் கூறவில்லை. அது இலண்டன் அச்சுக்கூடத்தின் வழக்கத்தையே கூறுகின்றது.

மறுதலையான எச்சரிக்கையும் உண்டு. அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தின் முதற் பகுதியில் இயற்கையின் இறைவன் என்னும் தொடர் வருகின்றது. 1776ஆம் ஆண்டில் தோமஸ் ஜெபர்சன் எழுதிய வரைவிலே அச்சொல் சிற்றெழுத்தில் உள்ளது. தோற்றாளில் எழுதப்பட்டுக் கையொப்பமிடப்பட்ட பிரதியிலோ பேரெழுத்தில் உள்ளது. ஜெபர்சன் மரபுவழிக் கிறிஸ்தவரல்லர் என்பது உண்மையே. ஆயினும் இச்சிற்றெழுத்தை அதற்குச் சான்றாகக் காட்டுதல் பொருந்தாது. வாக்கியத்தின் முதலெழுத்தைக்கூடச் சிற்றெழுத்தாக எழுதும் பழக்கம் அவருக்கு இருந்தது. பேரெழுத்தைப் பொதுவாகவே விரும்பாத ஒருவர் இறைவனுக்கு மாத்திரம் அதனை மறுத்தார் என்று சொல்ல இடமில்லை.

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் பெயர்ச்சொற்களுக்கெல்லாம் பேரெழுத்து இடும் வழக்கம் ஆங்கிலத்திலே விரைவாக மறைந்தது. அச்சுத் தொழிலிலே வளர்ந்த பெஞ்சமின் பிராங்கிளின் 1789ஆம் ஆண்டில் நோவா வெப்ஸ்ரருக்கு எழுதிய கடிதத்தில் இம்மாற்றத்தைக் குறைகூறினார். பக்கம் அழகாகத் தோன்ற வேண்டுமென்பதற்காகப் புதிய அச்சகத்தார் பழைய வழக்கத்தைக் கைவிட்டனர் என்பது அவருடைய முறைப்பாடு. பிராங்கிளினின் கவலை வாசிப்பு வசதி பற்றியது. ஆனால் இம்மாற்றத்தின் பிறிதொரு விளைவே சமய வரலாற்றுக்கு முக்கியமானது. எல்லாச் சொற்களும் பேரெழுத்தைச் சுமந்த காலத்தில் அதற்குத் தனிப்பொருள் இருக்கவில்லை. மற்றைச் சொற்கள் அதனை இழந்த பின்னரும் சில சொற்கள் அதனை வைத்துக்கொண்டபொழுது, வைத்துக்கொண்டமை மரியாதையாகவும், இழந்தமை மரியாதைக் குறைவாகவும் பொருள் தரத் தொடங்கின. கிறிஸ்தவர்களின் இறைவன் பேரெழுத்தை வைத்துக்கொண்டார். ஏனையோருடைய தெய்வங்கள் மரம், வீடு முதலியவற்றுடன் சேர்ந்து அதனை இழந்தன. இது நிகழ்ந்த காலமும், ஆங்கிலேயர் வங்காளத்திலும் சென்னையிலும் ஆட்சியை நிலைநாட்டி 1796ஆம் ஆண்டில் இலங்கையின் கரையோரத்தைக் கைப்பற்றிய காலமும் ஏறக்குறைய ஒன்றேயாகும். இரண்டுக்குமிடையே காரண காரியத் தொடர்பு இருப்பதாகக் கொள்ளவேண்டியதில்லை. அச்சகத்தாரின் அழகுணர்ச்சிக்கும் ஆதிக்கத்துக்கும் உறவில்லை. ஆனால், கீழைத்தேயச் சமயங்களைப் பற்றி ஆங்கிலத்திலே பெருந்தொகையான நூல்கள் எழுதப்படத் தொடங்கியவேளை, அச்சகத்திலே இவ்வேறுபாடு ஆயத்தமாக இருந்தது.

இவ்வேறுபாடு ஆங்கிலத்துக்கே உரிய சிக்கல் என்பதை ஜேர்மன் மொழியுடன் ஒப்பிட்டுப் பார்க்கும்பொழுது நன்குணரலாம். ஜேர்மன் மொழி பெயர்ச்சொற்களுக்குப் பேரெழுத்து இடும் வழக்கத்தை இன்றுவரை விடவில்லை. தரங்கம்பாடியிற் பணியாற்றிய சீகன்பால்க் 1713ஆம் ஆண்டில் தென்னிந்தியத் தெய்வங்களின் வமிச வரலாற்றை ஜேர்மன் மொழியிலே எழுதி முடித்தார். நெடுங்காலம் அச்சேறாதிருந்த அந்நூல் 1867ஆம் ஆண்டிற் சென்னையிலே ஜேர்மன் மொழியில் வெளிவந்தது. 1869ஆம் ஆண்டில் மெற்ஸ்கர் என்பார் அதனை ஆங்கிலப்படுத்தி வெளியிட்டார். சீகன்பால்க் தம் இறைவனைக் குறித்த சொல்லும் தமிழரின் தெய்வத்தைக் குறித்த சொல்லும் ஜேர்மன் மரபில் ஒரே முதலெழுத்தைப் பெறுவன. இறைவனென்றும் தெய்வமென்றும் பிரித்துக் காட்ட அவர் விரும்பினால் அதனை வாக்கியத்தாற் சொல்லவேண்டியிருந்தது. ஆங்கிலத்தில் அவ்வேலையை ஓர் எழுத்து சத்தமின்றிச் செய்துவிடும். சத்தமின்றிச் செய்வதே அதன் வலிமை. வாதம் ஒன்றுக்கு மறுப்பு எழுதலாம். சிற்றெழுத்துக்கு யாரும் மறுப்பு எழுதுவதில்லை.

எனினும், மிஷனரிமார் எல்லோரும் ஒருபடித்தாகவே எழுதினர் என்பது தவறு. வட்டுக்கோட்டைச் செமினரியின் அதிபராயிருந்த அமெரிக்க மிஷனரி ஹொய்சிங்ரன் சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1850களில் அமெரிக்கக் கீழைத்தேயக் கழகத்தின் சஞ்சிகையில் வெளியிட்டார். அதன் ஆங்கிலத் தலைப்பு 'இறைவனைப் பற்றிய அறிவைப் போதித்தல்' எனப் பொருள்படுவது. நூற்பெயரில் 'சிவ' என நின்ற இடத்தே 'கோட்' என்னும் சொல் வந்துள்ளது. தலைப்பிலே முக்கிய சொற்களெல்லாம் பேரெழுத்துப் பெறுவதால் இதனை மிகைப்படுத்தலாகாது. ஆனால் சிவன் என்பதைத் தெய்வமொன்றின் பெயராக விடாது, இறைவன் என்னும் பொருளிலே கொண்டமை எழுத்தின் வடிவத்தையும் கடந்த செயலாகும். சைவ சித்தாந்தத்தை ஏற்காத ஒருவர் அது எதனைப் பற்றிப் பேசுகின்றது என்பதைச் சரியாக விளங்கிக்கொண்டார். 1900ஆம் ஆண்டில் ஒக்ஸ்போர்ட் கிளாரன்டன் அச்சகத்திலே திருவாசக மொழிபெயர்ப்பை வெளியிட்ட ஜி. யூ. போப் அவர்களும் அங்கிலிக்கன் குருவானவரே. அவருடைய மொழிபெயர்ப்பிற் சிவபெருமான் பேரெழுத்துடன் கூடிய 'லோர்ட்' ஆகவே விளங்குகின்றார்.

சைவர்கள் தாமே ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கியபொழுது இவ்வெழுத்து கோட்பாட்டு உரிமையாயிற்று. ஜே. எம். நல்லசாமிப்பிள்ளை 1895ஆம் ஆண்டிலே சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1897ஆம் ஆண்டிலே 'சித்தாந்த தீபிகை' என்னும் ஆங்கிலச் சஞ்சிகை தொடங்கிற்று. இவ்வெழுத்தாளர் சிவனைப் பேரெழுத்துக் 'கோட்' என எழுதியமை வெறும் பக்தியின் வெளிப்பாடு எனக் கொள்ளுதல் போதாது. சைவம் பல தெய்வ வணக்கம் என்னும் கூற்றுக்கு அது மறுமொழி. பதி ஒருவனே என்பது சித்தாந்தத்தின் அடிப்படை. சிற்றெழுத்தை ஏற்றுக்கொண்டால் அப்பதி இந்திரன், வருணன் முதலியோருடன் ஒரு வரிசையில் நிற்க நேரும். இலங்கையிலே சேர் பொன்னம்பலம் இராமநாதன் பரானந்தர் என்னும் பெயரில் மத்தேயு நற்செய்திக்கும் யோவான் நற்செய்திக்கும் முறையே 1898, 1902ஆம் ஆண்டுகளில் ஆங்கிலத்தில் உரை வெளியிட்டமை இதே போக்கின் மறுமுனையாகும். பேரெழுத்து இறைவன் ஒரு சமயத்தாரின் தனியுடைமையல்லன் என்பதே அம்முயற்சியின் உட்கிடை.

பௌத்தர்களுக்கு நேர்ந்த சங்கடம் வேறு வகையானது. படைத்துக் காக்கும் இறைவனைப் பௌத்தம் ஏற்பதில்லை. எட்வின் ஆர்னோல்ட் 1879ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஆசிய ஜோதி' என்னும் ஆங்கிலக் காவியம் புத்தரை 'லோர்ட்' என்றும் இரட்சகர் என்றும் பேரெழுத்துக்களுடன் அழைத்தது. ஐரோப்பியரும் அமெரிக்கரும் அதனை விரும்பிப் படித்தனர். கிறிஸ்தவத்துக்குரிய சொற்களைப் பிறர்க்கு வழங்கியமை கிறிஸ்தவ அறிஞர் சிலருக்குச் சினமூட்டியது. கெலொக் என்பார் 1885ஆம் ஆண்டிலே ஆசியாவின் ஒளியையும் உலகின் ஒளியையும் ஒப்பிட்டு ஒரு மறுப்பு நூலே எழுதினார். ஆயினும் 'லோர்ட் புத்தா' என்னும் தொடர் இலங்கை ஆங்கிலத்திலே நிலைத்துவிட்டது. பாளி மொழியின் 'பகவா' என்னும் சொல்லுக்கு நேராக அதனைக் கொள்வோருக்கு அதிற் குற்றமில்லை. ஆங்கில விவிலியத்திலே பழகிய கண்ணுக்கோ அது தெய்வம் என்று படும்.

பேரெழுத்தே இல்லாத தமிழில் இச்சிக்கலை மொழிபெயர்ப்பாளர் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதும் நோக்கற்பாலது. எழுத்தாற் காட்ட முடியாததைச் சொல்லாற் காட்டவேண்டியதாயிற்று. கத்தோலிக்க மரபு சர்வேசுரன் என்றது. பப்பிரிசியசின் மொழிபெயர்ப்பு பராபரன் என்றது. 1871ஆம் ஆண்டு ஐக்கிய மொழிபெயர்ப்பு தேவன் என்றது. 1995ஆம் ஆண்டுத் திருவிவிலியம் கடவுள் என்கின்றது. யாழ்ப்பாணத்திலே பேர்சிவல் பாதிரியார் ஆறுமுக நாவலரின் துணையுடன் செய்து 1850ஆம் ஆண்டிற் சென்னையில் அச்சேற்றிய மொழிபெயர்ப்பும் இவ்விவாதங்களின் நடுவே தோன்றியதே. இவற்றுள் 'தேவன்' என்பது ஆங்கிலத்துச் சிற்றெழுத்துச் சொல்லின் இடத்தையும் பேரெழுத்துச் சொல்லின் இடத்தையும் ஒருங்கே நிரப்புவது. பன்மையாக்கினால் தேவர்கள் ஆகிவிடும். ஒருமை பன்மை ஒன்றே வேறுபாட்டைத் தாங்கவேண்டும். 110ஆம் சங்கீதத்திலே 'லோர்ட்' என்பதன் இரு வடிவங்களையும் ஐக்கிய மொழிபெயர்ப்பு 'கர்த்தர்', 'ஆண்டவர்' என இரு சொற்களால் வேறுபடுத்திற்று. திருவிவிலியம் 'ஆண்டவர்', 'தலைவர்' என வேறுபடுத்துகின்றது. ஆங்கிலம் கண்ணுக்கு மாத்திரம் காட்டியதைத் தமிழ் செவிக்கும் கேட்பித்தது எனலாம்.

பிரதிப்பெயரைப் பொறுத்தவரை தமிழ் ஆங்கிலத்தினும் கூடிய வசதியும் கூடிய சங்கடமும் உடையது. அவன், அவர் என்னும் வேறுபாட்டைத் தவிர்த்து எழுத வழியில்லை. கிறிஸ்தவத் தமிழ் 'தேவன்' என்னும் ஒருமைப் பெயருக்கு மரியாதைப் பன்மை வினையைச் சேர்த்து ஒரு புதிய வழக்கை உண்டாக்கியது. தேவாரத் திருவாசக மரபோ இறைவனை அவன் என்றும் நீ என்றும் கூசாது அழைப்பது. அங்கே ஒருமை அவமரியாதையன்று, அண்மை. ஆங்கிலத்திலும் இதனையொத்த சிக்கலொன்று எழுந்தது. 1946ஆம் ஆண்டின் திருத்திய நியம மொழிபெயர்ப்பு, இறைவனை விளிக்குமிடத்து மாத்திரம் 'தௌ' என்னும் பழைய முன்னிலைச் சொல்லைப் பேணி, மனிதர்க்கு வழக்கிலுள்ள சொல்லை வழங்கியது. உலகில் நடமாடிய இயேசுவை விளிக்கும்பொழுது மனிதர்க்குரிய சொல்லே வந்தது. அவரது தெய்வீகம் மறுக்கப்பட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. 1989ஆம் ஆண்டின் புதிய பதிப்பு பழைய சொல்லை அடியோடு நீக்கிற்று.

இன்று ஆங்கில நூல்களுக்கு நெறிவகுக்கும் சிக்காகோ, ஒக்ஸ்போர்ட் கைந்நூல்கள் பிரதிப்பெயருக்குச் சிற்றெழுத்தையே பொதுவிதியாகக் கொள்கின்றன. விவிலியம் சார்ந்த என்னும் பெயரடைக்குச் சிற்றெழுத்தும், குர்ஆன் சார்ந்த, வேதம் சார்ந்த என்பனவற்றுக்குப் பேரெழுத்தும் இடுவது அவ்விதிகளிடையே காணப்படும் வேடிக்கை. நெடும் பழக்கத்தால் முன்னையது பொதுச் சொல்லாய் இழிந்தது. பின்னையவை அந்நியமாக நின்றமையால் உயர்ந்தன. 'கத்தோலிக்' என்னும் சொல்லோ எழுத்து மாறப் பொருளே மாறுவது: பேரெழுத்தில் உரோமத் திருச்சபை, சிற்றெழுத்தில் அனைத்துலகுக்கும் பொதுவானது.

'கோட்' என்னும் சொல்லைப் பற்றி இக்கைந்நூல்கள் கூறும் விதி எளியதாகத் தோன்றும். ஒரே இறைவனை உடைய சமயத்தில் அச்சொல் அவனுக்குப் பெயராகும்போது பேரெழுத்து. பல தெய்வங்களுள் ஒன்றைக் குறிக்கும் பொதுச் சொல்லாகும்போது சிற்றெழுத்து. எமது பல்கலைக்கழகங்களில் ஆங்கிலத்தில் எழுதப்படும் ஆய்வேடுகளிலே, கதிர்காமத்து முருகனும் நல்லூர்க் கந்தனும் ஒரு பக்கத்தில் ஒரு விதமாகவும் மறுபக்கத்தில் வேறு விதமாகவும் எழுதப்படுவதைக் காணலாம். விதி தெரியாமையே இதற்குக் காரணம் எனத் தோன்றவில்லை. முருகன் சிவனின் மைந்தனாகிய ஒரு தெய்வமா, அன்றிச் சிவனின் வேறல்லாத முழுமுதற் பொருளா என்பது தீராமல் எழுத்தைத் தீர்மானிக்க இயலாது. கதிர்காமத்துக்குச் செல்லும் சிங்கள அடியவனுக்கு அவன் இலங்கையைக் காக்கும் தெய்வங்களுள் ஒருவன். கந்தபுராண படனம் கேட்டு வளர்ந்த யாழ்ப்பாணத்துச் சைவனுக்கு அவனே பரம்பொருள். ஒரே கோயிலைப் பற்றிய ஒரே வாக்கியத்தில் இருவரையும் குறிப்பிட நேரும் ஆய்வாளன் எந்த எழுத்தை இட்டாலும் அவர்களுள் ஒருவனுடைய சமயத்தை எழுதாமல் விட்டவனாவான். ஒரு வாக்கியத்தை இரண்டாக்கி, யாருடைய நம்பிக்கை எது என்பதைச் சொல்லியே அவன் மேலே செல்லவேண்டியிருக்கின்றது.